பதவி உயர்வு வேண்டாம் என்றவர்

1

இந்தக் கதை, நான் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிராயச்சித்தம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் 'உதவித்தொகை மனிதனைச் சோம்பேறியாக்கும்' என்று ஒரு நாளிதழில் வெளுத்து வாங்கியிருந்தேன். சான்றுக்கு எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும், அரசு உதவி பெறும் அக்காவை இழுத்தேன். மேற்பார்வையாளர் பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றவர் அவர். பெயர் போடவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் அப்படி மறுத்தவர் ஒருவர்தான். பாராட்டுகள் குவிந்தன. வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வறுமையே உருவெடுத்தாற்போல், வாளியும் கையுமாக அவர்...'

(அடித்துவிட்டேன். அக்காவின் உடையில் ஒரு சுருக்கம் இருக்காது. சுருக்கமெல்லாம் என் சட்டையில்தான்.)

இரண்டாம் முயற்சி: கண்ணாடிக் கதவைத் துடைக்கப் பழைய செய்தித்தாளைக் கசக்கப் போன அக்காவின் கை நின்றது.

இது நடந்தது. படித்து முடித்து, தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், இது நான்தானே?"

"பொதுவா எழுதினது, அக்கா..."

"மேனேஜர் காலையில கத்துனதுக்குக் காரணம் இப்பத்தான் புரியுது. நாளைக்குள்ள மேற்பார்வையாளர் வேலைக்கு கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கணுமாம். சோம்பேறிகளுக்கு இங்க இடமில்லையாம்."

3

அக்காவின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். மருத்துவ உதவி அட்டை இருப்பதால் அது இலவசம். மேற்பார்வையாளர் சம்பளம் அட்டைக்கான வருமான வரம்பைக் கொஞ்சமே தாண்டும். ஆனால் தாண்டினால் அட்டை அடியோடு ரத்து. கூடுதலாக வரும் சம்பளம் அவருடைய ஒரு வார சிகிச்சைக்குக்கூடக் காணாது.

"அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா சார்? வேண்டாம்னு சொல்லிட்டு மாடிப்படியில உக்காந்து அழுதேன்."

(குறிப்பு: உதவி பெறுபவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று அடித்துப் பேசுவோர் நம்மில் நிறைய. என் கட்டுரையில் ஏறும் சம்பளம் மட்டும்தான் இருந்தது. பறிபோவதைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை. நான் படித்தது பொருளாதாரம்.)

4

மேலாளரிடம் ஓடினேன். அட்டை விவரத்தையெல்லாம் சொன்னேன்.

"நீங்க எழுதினதைத்தானே சார் செய்யறேன்?" என்று சிரித்தார். பாராட்டாகத்தான் சொன்னார், பாவம்.

முடிவு ஒன்று: நான் மறுப்புக் கட்டுரை எழுதுகிறேன், அரசு மனமிரங்கி வரம்பை... (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: கணவர் இறந்துவிடுகிறார். அட்டை தேவையில்லை. அக்கா பதவியை ஏற்றுக்கொள்கிறார்.

அதை எழுதியதும் பயந்துபோனேன். எந்தச் சட்டத்தையும் மாற்றாமல் அக்கா முன்னேற எனக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான்.

5

மேலாளர் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது; மாலைக்குள் கையெழுத்தாக வேண்டும். படிவத்தோடு அக்கா என் எதிரில் நிற்கிறார். போட்டால் அட்டை போகும், போடாவிட்டால் வேலை போகும்.

நான் எந்த முடிவை எழுதினாலும் எனக்குச் சன்மானம் வந்துவிடும். கட்டுரைக்கு வந்தது, இந்தக் கதைக்கும் வரும். அதனால் முடிவு சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

"போடவா, வேணாமா?" என்று கேட்கிறார் அக்கா.

பார்த்துச் சொல்லுங்கள். அவர் கணவருக்கு அடுத்த சிகிச்சை நாளைக் காலையில்.