கிழக்கு மண்டலத்து சோயா

எங்கள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. மின்விசிறி ஓடினால் காகிதங்கள் பறக்கும். ஓடாவிட்டால் நாங்கள் வெந்துபோவோம். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உணவுச் சமநிலைக் கணக்கில் யார் எந்தப் பத்தியைப் பார்த்தார்களோ, அதுவே அவருக்குப் பெயர். "சேதம் இன்னைக்கு லீவு", "விதை டீ குடிக்கப் போயிருக்காரு" என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வோம். நான் சாப்பாடு. எதிர் மேசையில் இருந்த ஒல்லி மனிதர் தீவனம். எங்கள் பிரிவுத் தலைவருக்கு, அவருக்குத் தெரியாமல், தராசு என்று பெயர்.

வேலை சுலபமாகத்தான் தோன்றும். ஒரு மண்டலத்தில் விளைந்தது, வெளியிலிருந்து வந்தது, கிடங்கிலிருந்து எடுத்தது எல்லாம் ஒரு பக்கம். வெளியே போனது, விதைக்கு வைத்தது, ஆலைக்குப் போனது, மாடும் கோழியும் தின்றது, வீணானது எல்லாம் இன்னொரு பக்கம். கழித்துவிட்டு மிஞ்சுவதை மக்கள் சாப்பிட்டதாக எழுத வேண்டும். ஆக, யாருக்கும் கணக்குத் தெரியாதது எல்லாம் கடைசியில் என் பத்தியில் வந்து விழும்.

அந்த வருடம் கிழக்கு மண்டலத்து சோயா அப்படித்தான் வந்து விழுந்தது. முந்தின வருடம் வரை ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றிருந்த உணவு, திடீரென்று மூட்டைக் கணக்குக்கு ஏறிவிட்டது. கூட்டலை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். தப்பில்லை.

தீவனம் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, அங்க இருக்கிறவங்க எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் சோயாவையே மென்னுட்டு இருக்காங்களா?"

"உங்களுக்குச் சிரிப்பு. நான்தானே கையெழுத்துப் போடணும்."

தராசு உள்ளே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அந்த அட்டவணையைச் சீக்கிரம் குடுங்கம்மா. புரதம் போதுமான மண்டலத்துல பள்ளிக்கூடத்துப் பாலை நிறுத்தலாம்னு மேல பேசிட்டு இருக்காங்க. கிழக்குதான் முதல்ல நிக்குது."

என் பத்தியில் இருந்த ஓர் எண், எங்கேயோ ஒரு குழந்தையின் கையிலிருந்த குவளையைப் பிடுங்கப் போகிறது.

"ஐயா, இது நம்புற மாதிரி இல்லை. நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்."

"தனியாவா?"

"நானும் போறேன்," என்றார் தீவனம். அவரை யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் போகும்போதே பாதி புரிந்துவிட்டது. மண்டலத்தின் ஒரே பெரிய எண்ணெய் ஆலை பூட்டிக் கிடந்தது. வாசலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஆலைக்குப் போகாத சோயாப் பயறு எல்லாம் எங்கள் கணக்கில் மனிதர்கள் வாய்க்குள் போயிருக்கிறது. உண்மையில் எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும் வறுபட்ட வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். ஒரு கோழிப்பண்ணையின் பின்புறம், பண்ணைக்காரம்மா இரும்புப் பீப்பாய் ஒன்றை அடுப்பின்மேல் படுக்கவைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சோயா கலகலத்தது.

"ஆலை இருந்தப்போ பிண்ணாக்கு வாங்கிப் போட்டோம். இப்ப அது தூரத்துலேருந்து வரணும். அதான் பயறையே வறுத்து அரைச்சுப் போடறோம். பச்சையாப் போட்டா கோழிக்கு ஆகாது."

"இந்தப் பக்கம் எல்லாருமே இப்படியா?"

"வேற என்ன பண்றது?"

தீவனம் என் பக்கம் திரும்பினார். "என் கோழிங்க தின்னதை எல்லாம் உங்க ஜனங்க தின்னதா எழுதியிருக்கீங்க."

"நீங்க உங்க கோழிங்களை ஒழுங்காப் பார்த்திருந்தா நான் ஏன் எழுதறேன்?"

பண்ணைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகி எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார். நான் பீப்பாயைப் பார்த்தேன். தீவனம் ஆகாயத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்து சொன்னபோது தராசு ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு பண்ணையைப் பார்த்துட்டு மண்டலத்துக்கே கணக்குப் போடுவீங்களா?"

அவர் கேட்டது நியாயம்தான். அதனால் மறுபடி போனோம். மண்டலம் முழுக்கச் சீட்டுக் குலுக்கிப் பண்ணைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். சில இடங்களில் பயறே வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டோம். ஒரு பண்ணையில் வாத்து துரத்தியது. அன்று தீவனம் ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் புடவையில் ஏறிய வறுத்த சோயா வாசனை துவைத்தும் போகவில்லை. நானும் போகட்டும் என்று நினைக்கவில்லை.

தராசு எங்கள் கணக்கைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். பிறகு பேனாவை எடுத்து, பத்திகளுக்கு நடுவில் தன் கையாலேயே ஒரு புதுக் கோடு இழுத்தார். 'பண்ணையிலேயே தீவனமானது'. மிஞ்சியது மறுபடி கைப்பிடிக்கு இறங்கியது. மேலே அவரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர் அதை எங்களிடம் சொன்னதே இல்லை. கிழக்கு மண்டலத்துப் பால் நிற்கவில்லை.

இன்று அந்த அறை இல்லை. சுவரை இடித்துப் பெரிய கூடமாக்கிவிட்டார்கள். விதையும் சேதமும் எந்தெந்த ஊரிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். தராசு போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அந்த நாட்களை நினைத்தால், கடைசியாகக் கிழக்கே போனதுதான் முதலில் வருகிறது.

அறிக்கை அச்சாகி வந்தபின், வேலை எதுவும் இல்லாமலேயே நானும் தீவனமும் போயிருந்தோம். பள்ளிக்கூடத்து வேலியோரம் நின்றோம். உள்ளே பிள்ளைகள் வரிசையில் தள்ளுமுள்ளு. ஒரு பெண்பிள்ளை பாலைக் குடித்துவிட்டு, மேலுதட்டு வெள்ளையோடு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது.

ஆசிரியை ஒருவர் வேலியருகே வந்தார். "யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் இல்லைங்க," என்றார் அவர். "பஸ்ஸுக்கு நிக்கிறோம்."

"பஸ் இங்க நிக்காதே. அந்த முனையில நிக்கும்."

"தெரியும்ங்க," என்றார். ஆசிரியை சிரித்துக்கொண்டே உள்ளே போனார். முனையில் பஸ் வந்து நின்று, கிளம்பியும் போயிற்று. நாங்கள் இருவரும் அசையவில்லை.