கஸ்தூரிரங்கன் கழுவாமல் விட்ட ரோல்

தில்லி சரோஜினி நகரில் என்னைப் போல் ஃபிலிம் கழுவத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது. சாணக்யபுரி தூதரகங்கள் எல்லாம் தங்கள் ரகசியப் படங்களை என்னிடம்தான் கொடுத்தனுப்பும். இதைப் பக்கத்து வீட்டுத் தங்கம் மாமியிடம் அளந்ததுதான் வம்பாகிவிட்டது. நான் ஆயுசில் கழுவியது இரண்டே ரோல், அதிலும் ஒன்று பாழ் என்று என் மனைவி சுந்தரவல்லி வாய் திறப்பதற்குள், மாமி ஓடிப்போய் ஒரு பழைய காமிராவோடு வந்துவிட்டாள்.

அது அவள் கணவர் கஸ்தூரிரங்கனுடையது. அவர் போய் ஆறு வருஷம். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை ரோல். அதன் காலக்கெடு 1979. இப்போது நடப்பதோ 2001.

"ஸ்டூடியோக்காரன் தூக்கிப் போடச் சொல்றான், மாமா. இவர் ஊரையெல்லாம் எடுத்தார், இவரை யாரும் எடுக்கலை. யார் கையிலயாவது குடுத்து ஒண்ணாவது எடுத்துண்டிருக்க மாட்டாரா?"

"அச்சா, நாளைக்குப் பாருங்கோ, எழுந்து பேசுவார்" என்றேன்.

"இது உங்க ஆபீஸ் ஃபைல் இல்லை, தொலைஞ்சா வேற போட்டுக்க" என்றாள் சுந்தரவல்லி.

ஜூன் மாதம். குழாய்த் தண்ணீரில் ரசமே வைக்கலாம், ஃபிலிம் உருகிவிடும். நாலு வீட்டு ஐஸை வாங்கி வாளியில் கொட்டினேன். இமயமலையில் அன்று பனி குறைந்ததாகக் கேள்வி. குளியலறை ஜன்னலை ரஜாய்ப் போர்வையால் மூடி, கும்மிருட்டில் ரோலைச் சுற்றி டப்பாவுக்குள் போட்டேன்.

மருந்தெல்லாம் ஊற்றி, அலசி எடுத்தால், பன்னிரண்டு கட்டத்தில் பதினொன்று வெறும் புகைமூட்டம். கடைசியை வெளிச்சத்தில் பிடித்தேன். நேரு பார்க் புல்வெளியில் மாமி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க மட்டும்தான் இருக்கேள், மாமி" என்றேன்.

மாமி கிட்டே வந்தாள். "புல் மேல இது என்ன, வெள்ளையா?"

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத்தான் அப்போதெல்லாம் படம் எடுப்போம். குளிர்காலச் சாயங்கால வெயில் வேறு. நெகடிவில் கறுப்பெல்லாம் வெள்ளை அல்லவா? எடுத்தவரின் நிழல் பளீரென்று நீண்டு, தலை மாமியின் மடியில் கிடந்தது. உச்சந்தலையில் ஒரு பந்து.

"குஞ்சலம்!" என்று மாமி கத்தினாள். "நான் பின்னின மங்கி கேப்! போட்டுக்கவே மாட்டார். அன்னிக்கு ஒரு நாள்தான், நான் முறைச்சேன்னு போட்டுண்டார். பார்க்குல அத்தனை பேர் பார்க்க, மடியில தலையை வெச்சுண்டு... வெட்கமே கிடையாது!"

"முகம் வரலையே, மாமி."

"இவர்தான். யாருக்குத் தெரியாது?"

"ஈரமா இருக்கு, குடுங்கோ. கொடியில போடறேன்."

"காயட்டும், மாமா. நானே பிடிச்சுண்டிருக்கேன்" என்றாள்.