பூனைச் சட்டையின் அடிமடிப்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரைச்சீலைக்காரியின் பூனைக்குட்டி, எடை குறைந்து மேலே போய்க் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளை, மின்விசிறி ஓடவில்லை. நாத்தனார் ஒட்டடைக்கோலால் அதைக் கீழே இறக்கினாள். ஐந்து மாதக் குட்டி, எழுநூறு கிராம்.

மருத்துவர் ஆச்சரியப்படவில்லை, அந்த மாதத்தில் இது மூன்றாவது என்றார். பூச்சி மருந்து கொடுத்து, வெதுவெதுப்பான மீனை ஐந்து வேளையாகப் பிரித்து ஊட்டச் சொன்னார். “ஒரு கிலோ தாண்டுற வரைக்கும் ஜன்னலைத் திறக்காதீங்க. வெளிய போச்சுன்னா மேகத்துக்கிட்டதான் விசாரிக்கணும்.”

திரைச்சீலை நேராகத் தொங்க அடிமடிப்பில் இரும்பு வில்லைகள் வைத்துத் தைப்பது அவள் தொழில். பூனைக்கும் அப்படியே ஒரு சட்டை தைத்தாள். சட்டையோடு நிறுத்து, சட்டை எடையைக் கழித்துச் சுவரில் எழுதினாள். ஒரு வாரம் தராசு முள் அசையவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் கோணிக்கொண்டு போனது. எட்டாம் நாள் இருபது கிராம் ஏறியது. பிறகு தினமும் இருபது. அவளும் சாப்பிடத் தொடங்கினாள்.

ஒரு கிலோ தாண்டிய அன்று ஜன்னலைத் திறந்து, சட்டையைக் கழற்றினாள். பூனை புகைபோல வெளியே போய்விட்டது. சட்டை தரையில் விழுந்து அடிமடிப்பு பிரிந்தது. அதில் பதினாறு வில்லைகள் கூடுதலாக இருந்தன. தைத்த நூல் அவளுடையதல்ல.

“நீங்க பட்டினி கிடந்தீங்க அண்ணி,” என்றாள் நாத்தனார், தரையைப் பார்த்தபடி. “அது ஏறினா நீங்க சாப்பிட்டீங்க. தினம் ஒண்ணு வெச்சேன்.”

“இத்தனை வில்லையும் அதோட வயித்த அழுத்திட்டு இருந்திருக்கு. தட்டுல பாதி மிஞ்சினது அதனாலதான்.” முதல் வில்லையை வைத்தவள் தானே என்பது நினைவுக்கு வர, மேற்கொண்டு அவள் திட்டவில்லை.

பூனை தெருவிளக்குக் கம்பத்தின் உச்சியில் தட்டி நின்றது. காற்று எழும்பிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மின்பணியாளரின் ஏணியில் ஏறி, திரைக்கயிற்றை அதன் இடுப்பில் தளர்வாகக் கட்டி, மறுமுனையைக் கம்பத்தில் முடிந்து, மீனை நீட்டினாள். பாரமில்லாத வயிறு, கிண்ணம் காலியானது. ஐந்து வேளையும் ஏணியிலேயே ஊட்டினாள். நாத்தனார் மீனைச் சூடாக்கி, ஏணியையும் பிடித்துக்கொண்டாள்.

“ஏணி எப்பம்மா காலியாகும்?” என்று மின்பணியாளர் கேட்டார்.

“ஒரு நாளைக்கு ஒரு படிதான் இறங்குது, அண்ணே.”

பதினோரு படி, பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அது நடந்தே வீட்டுக்குள் போனது.

இப்போது நாலரைக் கிலோ. மடியிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும். சாப்பாடு தாமதமானால் மட்டும் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்கிறது. அதன் வயிற்றுக்கடியில் வெளிச்சம் தெரிந்ததும் நாத்தனார் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.