முனிக்கு நேர்ந்த கறுப்புச் சேவல்

வேலாயியின் சேவல் என்ன நிறம் என்று அந்தத் தேயிலைத் தோட்ட லயத்தில் வீடு வீடாக விசாரித்தால் காம்பராவுக்கு ஒரு விடை கிடைக்கும். சாம்பல் என்பார்கள், புள்ளி என்பார்கள், ஒருத்தி பூப்போட்ட சீத்தைத் துணி என்றே சொன்னாள். கறுப்பு என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். வேலாயிக்கு வேண்டியிருந்ததோ அந்த ஒரே விடைதான்.

அவள் புருஷன் அழகன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் வடிகானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, நான்காம் மலை முனியாண்டியிடம் வேலாயி நேர்ந்துகொண்டாள். மனுஷன் மறுபடி மலையேறினால் ஒரு கறுப்புச் சேவல். முனி தன் பங்கைச் செய்துவிட்டார். பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் கூடியது, ஆனாலும் மலையேறுகிறான். இனி வேலாயியின் முறை. சொன்னபடி கொடுக்காவிட்டால் கொடுத்த காலை முனி திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

அந்தத் தோட்டத்தில் சேவலைப் பூசையன்று வாங்கிக்கொண்டு போய் நிற்க முடியாது. குஞ்சாக இருக்கும்போதே பூசாரியிடம் காட்டி, தலையில் விபூதி வைத்து, முனி பெயரைச் சொல்லி விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அது முனியின் கோழி. நம் வீட்டில் தின்னும், நம் பாயில் எச்சமிடும், நாம் வாய் திறக்கக்கூடாது. மாற்றவும் கூடாது.

குஞ்சை விற்றவன் பூண்டுலோயாவிலிருந்து வரும் கோழி வியாபாரி மூக்கன். கூடையில் கறுப்புக் குஞ்சுகளாகவே கொண்டுவந்திருந்தான். வேலாயி என்ன ஏமாந்தவளா? ஒவ்வொன்றையும் தூக்கி மல்லாத்திப் பார்த்தாள். வயிறு வெளுத்திருந்ததையெல்லாம் ஒதுக்கினாள். அடிவயிறுவரை கரி பூசினாற்போல் இருந்த ஒன்றைப் பிடித்தாள். அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மூக்கனின் கட்டைவிரல் அந்தக் குஞ்சின் தலைமேலேயே இருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. வாங்கிய கையோடு பூசாரி செல்லசாமியிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விபூதியைக் குஞ்சின் உச்சியில் அப்பினார்.

அந்த விபூதி போகவே இல்லை. மழையில் நனைந்தது, மண்ணில் புரண்டது, உச்சியில் வெள்ளை அப்படியே இருந்தது. லயமே வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முனி ஏற்றுக்கொண்டார் என்று செல்லசாமியும் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தார்.

பிறகு இறகு முளைத்தது. ஒவ்வொரு இறகிலும் கறுப்புக்கு ஒரு கோடு, வெள்ளைக்கு ஒரு கோடு. அடுப்புச் சாம்பலில் புரண்டிருக்கும் என்று வேலாயி அதைப் பிடித்து சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினாள். கோடுகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. இறகு கொட்டினால் கறுப்பாகிவிடும் என்றார்கள். கொட்டியது, முளைத்தது, அதிலும் வரி.

பூசைக்கு ஒரு கிழமை இருக்கையில், லயத்துப் பக்கம் வந்த மூக்கனை வாசலிலேயே வழிமறித்தாள்.

“மூக்கா, கறுப்புன்னு சொல்லித்தானேடா குடுத்த?”

“கறுப்பாத்தானக்கா குடுத்தேன்? வளந்தா என்ன கலருன்னு நீங்க கேக்கலையே.”

“இப்ப கேக்குறேன். இது என்ன சாதி?”

மூக்கன் சேவலைச் சுற்றி நடந்தான். கோழி வியாபாரி யோசிப்பதுபோல் நின்றால் அவனுக்குத் தெரியாது என்று பொருள். பிறகு சேவல்கட்டுக்காரர்கள் நிறத்துக்குச் சொல்லும் பறவைப் பெயர்களை அடுக்கினான். “கழுத்தப் பாத்தா வல்லூறு. ரெக்க ஆந்தை. வால் இருக்கே, வால் சுத்தக் காகம்.”

“காகம்னா கறுப்புதானே?”

“வால் மட்டுந்தாங்கா.”

“அப்ப முனிக்கு வாலை மட்டும் குடுத்துட்டு வரவா?”

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அழகன் சிரித்தான். “எனக்கும் ரெண்டு காலு, சேவலுக்கும் ரெண்டு காலு. இதுல யாரு காலு போகப்போவுதுன்னே புரியல புள்ள.”

“நீங்க வாய மூடுங்க. ஒங்க காலுக்குத்தான் நான் இந்தப் பாடு படுறேன்.”

மறுநாள் கோழிகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட தயானி மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கால்நடைத் திணைக்களத்தில் வேலை. வேலாயி சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“இது பிளைமவுத் ரொக் எல்லோ. நல்ல இனம். ஏன் கவலைப்படுறீங்கள்?”

“குஞ்சுல கறுப்பா இருந்துச்சுங்க மிஸ்.”

“இருக்கும். இதின்ர குஞ்சு கறுப்புத்தான். உச்சியில ஒரு வெள்ளைப் பொட்டு இருந்திருக்கோணுமே?”

“அது விபூதிங்க.”

“என்னது?”

“பூசாரி வச்ச விபூதி. போகவே இல்லீங்க.”

தயானி மிஸ் மருந்துக் குப்பியை மூடிவிட்டு வேலாயியை நன்றாகப் பார்த்தார். “அம்மா, அது விபூதியில்லை. இந்த இனத்துக்கு முட்டைக்குள்ளேயே அந்தப் பொட்டு வந்திடும். முழுக் கறுப்பு வேணுமெண்டால் நீங்கள் ஒஸ்ரலோப் குஞ்செல்லோ எடுத்திருக்கோணும். அதுக்குக் குஞ்சில வயிறு வெள்ளையா இருக்கும்.”

வேலாயி விரலை மடக்கி எண்ணினாள். “வயிறு வெள்ளையா இருக்கறது வளந்தா கறுப்பு. முழுசாக் கறுப்பா இருக்கறது வளந்தா வரி. அப்படித்தானுங்களே?”

“ஓம்.”

“அப்ப கண்ணால பாத்து என்னதாங்க மிஸ் வாங்குறது?”

தயானி மிஸ் சேவலின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டார். அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்.

வேலாயி செல்லசாமியிடம் போனாள். பொட்டு விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் தொங்கியது. அதை உடனே தூக்கி வைத்துக்கொண்டு பேசினார்.

“நீ வாயால சொன்னது கறுப்பு. கையால விட்டது இது. ரெண்டுல எது முனியோடதுன்னு முனிதான் சொல்லணும். ஒரு கறுப்புச் சேவலும் புடிச்சிக்கிட்டு வா. ரெண்டு தலையிலயும் மஞ்சத்தண்ணி ஊத்துவோம். எது ஒடம்ப ஒதறித் துலுக்குதோ அது அவரோடது.”

“ரெண்டும் துலுக்கினா, மாமா?”

“அப்பிடி நடந்ததே இல்ல.”

பூசையன்று நான்காம் மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பனிமூட்டத்தில் முனியின் சூலம் பாதிதான் தெரிந்தது. மூக்கன் கறுப்புச் சேவலோடு வந்திருந்தான். “வேணாம்னா திரும்ப வாங்கிக்கிறேங்கா” என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தான். இரண்டையும் கல்லருகே நிறுத்தினார்கள். செல்லசாமி செம்பைத் தூக்குமுன்பே கறுப்பு துலுக்கியது. “ஆ!” என்றது கூட்டம். உடனே வரியும் துலுக்கியது. மறுபடி கறுப்பு. மறுபடி வரி. தூறல் நிற்கவில்லை, சேவல்களும் நிற்கவில்லை.

“மழைக்குத் துலுக்குது. கொடையப் புடிங்க!” என்றார் செல்லசாமி.

அழகன்தான் குடையோடு முன்னால் வந்தான். குடைக்கு அடியில் செல்லசாமி மஞ்சள் தண்ணீரை இரண்டு தலையிலும் ஊற்றினார். இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு கல்லைப்போல் நின்றன. இன்னொரு செம்பு. ஒன்றுமில்லை. மூன்றாவது செம்பில் கறுப்பு படுத்துவிட்டது.

“இப்ப என்னா அர்த்தம்?” என்று யாரோ கேட்டார்கள். செல்லசாமி காலிச் செம்புக்குள் பார்த்தார்.

வேலாயி சேவல்களைப் பார்க்கவில்லை. குடை பிடித்து நின்ற அழகனின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையில் ஒரு பாதம் முனியைப் பார்த்து நின்றது. மற்றது தேயிலையைப் பார்த்து நின்றது. அவள் முக்காட்டை விலக்கிவிட்டுச் சூலத்துக்கு நேரே போய் நின்றாள்.

“சாமி, நான் கேட்டது நேரான காலு. நீ குடுத்தது கோணக்காலு. நான் ஒரு வார்த்த கேட்டேனா? இல்ல. கும்புட்டு வாங்கிக்கிட்டேன். நான் சொன்னது கறுப்பு. எங்கிட்ட இருக்கறது வரி. நீயும் வாங்கிக்க. சரிக்குச் சரி.”

“அடியே, சாமிகிட்ட இப்பிடியா பேசுறது!” என்றார் செல்லசாமி.

“சேவலும் பேசல, நீங்களும் பேசல மாமா. யாராச்சும் பேசணுமே.”

வரிச் சேவலைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்தாள். “குடைய மடக்குங்க” என்றாள் அழகனிடம். மடக்கினான். தூறல் விழுந்தது. சேவல் கழுத்திலிருந்து வால்வரை ஒரு துலுக்குத் துலுக்கியது. செல்லசாமியின் முகமெல்லாம் மஞ்சள். மழைக்கா, முனிக்கா என்று இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை. உடுக்கை ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

படையல் முடிந்து இறங்கும்போது அழகன் முன்னால் போனான். இரண்டாம் வளைவில் அவன் கால் வழுக்கியது. வேலாயி கையை நீட்டிப் பாய்ந்தாள். அவன் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு ஆடி, நிமிர்ந்து நின்றான்.

“ஒண்ணுமில்ல புள்ள. பாசி.”

வேலாயி திரும்பி மேலே பார்த்தாள். பனிமூட்டத்தில் சூலம் தெரியவில்லை. குனிந்து, அவன் மிதித்த கல்லை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் பச்சையாக இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

“என்ன பாக்குற?”

“ஒண்ணுமில்ல. மெதுவா நடங்க” என்று சொல்லி, அவன் வேட்டி நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.