கூட்டினால் குறையும்

பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஒரே பொத்தானுக்குக் காது கொடுக்கும் இரண்டு மென்பொருள்கள்தான் உண்டு, மனித குலம் இதுநாள்வரை இருட்டில் அலறியதற்கெல்லாம் மொத்த விளக்கமும் இவ்வளவுதான் என்று கூடத்துக் கணினியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து விஞ்ஞானி முடிவு கட்டினான்; விஞ்ஞானி என்பது அப்பா வைத்த பெயர், மிக்சியைப் பிரித்து மாட்டிவிட்டு ஒரு கை திருகாணிகளை மிச்சம் வைத்திருந்த அன்று வைத்தது, அதைப் பாராட்டு என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தான்... அப்பா செத்துப்போன பிறகும், கணினியில் படம் பார்க்கிற ரிமோட் அவர் பேச்சைத்தான் கேட்கிறது என்பது அம்மாவின் கட்சி. படம் ஓடும்போது சத்தத்தைக் கூட்டினால் குறைகிறது, நிறுத்தினால் ஒரு நொடி நின்றுவிட்டு தானே ஓடுகிறது, அப்பாவும் அதே ரகம்தானே, யாராவது எழுந்துபோக நிறுத்தினால் "அட, ஓடட்டும்" என்பார், சத்தம் கூடினால் "கொறைங்கடா, காது என்ன வாடகைக்கா எடுத்தது" என்பார். இப்போது அம்மா பொத்தானை அழுத்துகிறாள், சத்தம் இறங்குகிறது, திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறாள், "சரிங்க, கொறைச்சுக்கிறேன்." சாஃப்ட்வேருக்கு 'ங்க' போட்டு மரியாதை குடுக்கிற ஒரே ஆள் உலகத்துலயே நீதாம்மா என்று சொல்லிப் பார்த்தான், தரையில் உருண்டு சிரித்தும் காட்டினான். "நீ சிரிடா. அவருக்குக் கோவம் வந்தா பேச மாட்டாரு, செஞ்சுடுவாரு. உனக்கென்ன தெரியும்."

அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காலையில் போனில், "பல்லைக் காட்டாத. அடுத்த வாரம் நீ ஹாஸ்டலுக்குப் போயிடுவ, எங்கூட வந்து இருங்கம்மான்னா அப்பா தனியா இருப்பாருங்கிறாங்க. இன்னைக்கு அதைச் சரி பண்ணு. பண்ணிட்டு, இந்தா பாரு ஒண்ணுமில்லன்னு அவங்க கண்ணு முன்னாடி அழுத்திக் காட்டு" என்றாள். ஆகட்டும், இதென்ன பெரிய வேலை, பேயோட்டுவதற்குப் பட்டம் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்... ரிமோட்டிலிருந்து போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கணினியில் செருகியிருக்கும் நகத்தளவு ரிசீவருக்குத் தெரியும், ரிசீவர் அதை யாருக்கு என்று பார்த்துக் கொடுக்காது, காது வைத்திருக்கிற எல்லோருக்கும் கொடுக்கும், வாசல் மணி அடித்தால் மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஓடிவந்து ஒருத்தி திறக்க ஒருத்தி சாத்துவதுபோல. அதனால்தான் நிறுத்தினால் ஓடுகிறது, படம் காட்டும் மென்பொருள் நிறுத்துகிறது, இன்னொன்று அதே கட்டளையை மறுபடி கொடுத்து ஓட்டிவிடுகிறது. அந்த இன்னொன்று எது? ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தான், திரையின் ஓரத்தில் ஒளிந்திருந்த சின்னச் சின்னங்களுக்கு நடுவே ஒன்று, ரிமோட்டை ஆட்டிவைக்கும் சிறு நிரல், அவன் போட்டதில்லை, திறந்தால் அமைப்புக்குப் பெயர் 'சும்மா'. இப்படிப் பெயர் வைக்கக்கூடியவர் இந்த வீட்டில் ஒருவர்தான். சத்தம் கூட்டும் பொத்தானுக்கு எதிரே, இரண்டு படி குறை. ஆக, படம் காட்டுவது ஒரு படி ஏற்ற, இது இரண்டு படி இறக்க... ஐயோ அப்பா, கண்ணாடி போடாமல் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறார், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சத்தமாகவே சிரித்தான், சிரித்துக்கொண்டே அது சேமிக்கப்பட்ட தேதியைப் பார்த்தான்.

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்த மாதம். குரல் போய்விட்டிருந்தது. கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள், பொழுது போகட்டும் என்று கணினியின் கீபோர்டை அவர் மடியில் வைத்ததே இவன்தான், அந்த மாதத்தில்தானே அக்கா சொன்னாள், "அப்பா சாதுவாயிட்டாருடா, சத்தத்துக்குத் திட்டுறதே இல்ல", எல்லோருக்கும் அதில் ஒரு நிம்மதி. அந்த மாதத்தில்தானே ரிமோட்டுக்குக் கிறுக்குப் பிடித்தது, பேட்டரி மாற்றினார்கள், தொடையில் தட்டினார்கள், விஞ்ஞானி பின்மூடியைக் கழற்றி ஊதினான், கட்டிலில் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டு அப்பாவின் தோள்கள் குலுங்கின, இருமுகிறார் என்று அம்மா தண்ணீர் கொண்டு ஓடினாள்... இருமலா அது? சத்தமில்லாமல் சிரிக்கிறவருக்கா தண்ணீர் கொடுத்தோம்? இல்லை, வலித்திருக்குமோ, அந்த இரைச்சலில் நிஜமாகவே வலித்து, சொல்ல வாயில்லாமல், கொறைங்கடா என்பதை விரலால் எழுதி இதற்குள் வைத்தாரோ, அல்லது வெறும் கண்ணாடிதானோ, கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தேடுகிறவர்தானே... பேச மாட்டாரு, செஞ்சுடுவாரு.

'சும்மா'வின் பக்கத்துக் கட்டத்திலிருந்த டிக் குறியை எடுத்தான். படத்தை ஓடவிட்டு, கூட்டும் பொத்தானை அழுத்தினான். கூடியது. அழுத்தினான், கூடியது, இன்னும், இன்னும், யாரோ யாரையோ துரத்தும் காட்சி, கார்கள் கிறீச்சிட்டன, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ரிமோட் ஒரு நல்ல ரிமோட் செய்வதையெல்லாம் செய்தது, கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி அவன் காத்திருந்தான், எதற்கு என்று தெரியவில்லை, இவ்வளவு சத்தத்துக்கு இந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "என்னடா, சரியாயிடுச்சா?" அடுக்களையிலிருந்து அம்மா. சரி என்பது இதில் எது? விரல் கீழே நகர்ந்து குறைக்கும் பொத்தானை அழுத்தியது, ஒரு படி, இரண்டு படி.

"சரிப்பா," என்றான் திரையிடம், மெதுவாக, "கொறைச்சுட்டேன்."

குறி எடுத்த கட்டம் காலியாக இருந்தது, அதன்மேல் மவுஸின் அம்பு அசையாமல் நின்றது. "உன்னைத்தான்டா கேக்கிறேன்," என்றபடி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா வந்துகொண்டிருந்தாள்.