உப்புக் கூடின கூழ்வற்றல்

மராத்தி ஊரான ஆகுர்டியில் மூன்றாம் மாடி லீலா பிழிகிற கூழ்வற்றல், காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் பேசும். வெயிலில் கிடக்கிற மூன்று நாளில் பக்கத்தில் யார் என்ன பேசினாலும் அது மாவுக்குள் இறங்கிக்கொண்டு, பொரியும்போது அதே குரலில் ஒரே ஒரு தடவை வெளியே வரும். ஏப்ரலில் பிழிந்தால் மறு ஏப்ரல் வரை வற்றலும் கெடாது, பேச்சும் கெடாது. கட்டடத்தில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வருடாவருடம் வந்ததெல்லாம் காக்கை ஓட்டுகிற "ச்சூ" தான். 2021இல் மட்டும் கீழ்வீட்டு மராத்திக்காரர் சிலிண்டர் வரவில்லை என்று போனில் போட்ட சண்டை அரை டப்பா இருந்தது. ஜனங்களின் குறை வேறு: உப்பு கூட. காய்ந்தால் சுருங்கும், கூழில் உப்பைக் குறைத்துத்தான் போட வேண்டும் என்று சொன்ன இரண்டு பேருக்கு மறுவருடம் வற்றல் போகவில்லை. குறை சொல்கிற உரிமை வீட்டு ஆட்களுக்கு மட்டும் என்பது பாளையங்கோட்டைக்காரி லீலாவின் கட்சி. வீட்டில் கணவர் தங்கராஜுக்கோ வாயே கிடையாது.

போன வருடம் முழங்கால் வீங்கி அவளால் மொட்டைமாடி ஏற முடியாமல் போக, காவலுக்குத் தம்பி ஜெபகுமார் உட்கார்ந்தான். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. சாகண் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பிரஸ் மெஷினோடு நின்றதில் காது பாதி போய்விட்டது. மனதுக்குள் நினைப்பதாக அவன் நினைப்பதெல்லாம் வாய்விட்டே வரும். அது அவனுக்குத் தெரியாது. இரண்டாம் மாடியில் இருக்கிற, அவர்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸ் சோனியாவை அவனுக்கு ஐந்து வருடமாகப் பிடிக்கும். படியில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. அவளுக்கு நாசிக்கில் வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று ஜூலை முடிவதற்குள் எழுத வேண்டும். மூன்று நாளும் அவன் குடைக்கடியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து சோனியா சாப்பிட வந்தாள். லீலா எண்ணெய் காயவைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். "ச்சூ" என்றது முதல் வற்றல். "சோனியா போயிட்டா நான் என்ன செய்வேன்" என்றது இரண்டாவது. அடுத்தது, "நாளைக்குச் சொல்லிருவேன்." அதற்கடுத்த ஐந்தும் அதையே சொல்லின. ஜெபகுமார் கூடத்தில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான், அவன் காதில் ஒன்றும் விழவில்லை. லீலா அடுப்பை அணைக்கப் போனபோது சோனியா, "மிச்சத்தையும் போடுங்கக்கா" என்றாள். டப்பா காலியாயிற்று. போகும்போது, ஒரு கரண்டி கூழ் கிண்டித் தர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

மழையில் எவளாவது கூழ் கிண்டுவாளா? லீலா கிண்டினாள். சோனியா ஒரே ஒரு வற்றல் பிழிந்து தன் வீட்டு மின்விசிறிக்கடியில் வைத்தாள். வெயிலில் மூன்று நாள் என்றால் விசிறியில் பதினோரு நாள். அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டதால் ஜெபகுமாருக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. ஷிப்டுக்குப் போகிற வழியில் அந்த விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவான். கரண்ட் போனால் மனதுக்குள் ஜெபம் பண்ணுவான். படிக்கட்டு முழுக்கக் கேட்கும். முப்பதாம் தேதி வற்றல் ஒரு கிண்ணத்தில் மேலே வந்தது.

எண்ணெயில் விழுந்து, பூத்து, சோனியாவின் குரலில் அது சொன்னது: "அக்கா, அடுத்த வருசம் உப்பைக் குறைச்சுப் போடுங்க. காக்கா ஓட்ட அவங்களோட நானும் உக்காருதேன்."

அடுப்பு இரைச்சலில் ஜெபகுமாருக்குக் காதில் விழவில்லை. வற்றல் இரண்டாம் தடவை சொல்லாது. "என்னக்கா சொல்லிச்சு?" என்று தவித்தான். லீலா கரண்டியும் கையுமாக, கீழ்வீடு மேல்வீடு எல்லாம் கேட்கும்படி, "வீட்டுக்கு வரதுக்கு முன்னாலயே என் உப்புல குறை சொல்லுதா பாருல" என்றாள். இரண்டாம் மாடியில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த ஒரு வற்றலை மூன்றாகப் பிட்டுத் தின்றார்கள். உப்பு கொஞ்சம் கூடத்தான் என்று தங்கராஜ் முதல்முறையாகச் சொன்னார். ஆமாம் என்றாள் லீலா.