ஞானமுத்து அண்ணாச்சி இறங்குவதற்கான அனுமதி

வானத்தில் இருக்கிறவரிடம் கத்திப் பேசக் கூடாது என்று எங்கள் பெரிய மாமா சொல்லுவார். அதற்கு ஒரு காரணமும் சொல்லுவார். அது மறந்துவிட்டது. ஏதோ செருப்பைப் பற்றியது என்று நினைக்கிறேன்.

ஞானமுத்து அண்ணாச்சி நான்கு வருடங்களாக வானத்தில் இருக்கிறார். சின்ன விமானம், இரண்டே இருக்கை, இரும்புக் குழாயின் மேல் துணி போர்த்திய உடம்பு. ஒரு காலையில் சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனவருக்கு மேலே ரேடியோ பழுதாகிவிட்டது. அனுமதி கேட்காமல் இறங்குகிற மனிதர் இல்லை அவர். அன்றிலிருந்து உப்பளத்துக்கும் எங்கள் தெருவுக்கும் மேலே சுற்றுகிறார். பகல் ஒரு மணிக்கு மொட்டைமாடி உயரத்துக்கு வருவார். அவர் மனைவி தங்கபுஷ்பம் அக்கா டிபன் கேரியரையும் பெட்ரோல் கேனையும் நீட்டுவார். நேற்றைய கேரியரை அண்ணாச்சி கழுவித் திருப்பித் தருவார்.

திங்கட்கிழமை அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். இனிமேல் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யார் கேரியரை நீட்டினாலும் அண்ணாச்சி வாங்க மாட்டார். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். கனடாவில் இருபத்திரண்டு வருடம் விமானங்களுக்கு ரேடியோ மாட்டிவிட்டு, போன மாசியில் ஊர் திரும்பியவன் நான்.

"திங்கக்கெழமைக்குள்ள மனுசன இறக்கிரு தம்பி," என்றார் அக்கா. "ஆஸ்பத்திரில பக்கத்துல இருக்க ஆள் வேணும்லா."

"இறங்குங்கன்னு சீட்டு எழுதி கேரியர்ல வச்சா என்னக்கா?"

"வச்சேனே. எழுத்துல வந்தா செல்லாதாம், குரல்ல வரணுமாம். சட்டம் தெரிஞ்ச மனுசனக் கெட்டுனா இப்பிடித்தான்."

நான் கொண்டுவந்தது தள்ளி வைக்கிற வகை ரேடியோ. ஓட்டுகிறவர் முன்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு முகப்பு மட்டும் இருக்கும். வேலை செய்கிற பெட்டியைத் தள்ளி எங்காவது பொருத்திக் கம்பி இழுத்துக்கொள்ளலாம். எவ்வளவு தள்ளி என்று கையேட்டில் போடவில்லை. விமானத்தின் வால் பக்கம் முழுக்க ஊறுகாய் பாட்டில்கள் இருந்ததால், பெட்டியை அக்காவின் அடுக்களையில், அரிசி டிரம்முக்கு மேல் அலமாரியில் பொருத்தினேன். அங்கே அடுப்புச் சூடு படாது.

கம்பிதான் யோசிக்க வைத்தது. அவர் இடப்பக்கமாகவே சுற்றினால் அது வீட்டைச் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்று இடம், ஒரு சுற்று வலம் என்று சீட்டு எழுதி ரசத்துக்கு மேல் தட்டில் வைத்தோம். மறுநாளிலிருந்து அப்படியே சுற்றினார்.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கேரியரோடு நானும் விமானத்தில் ஏறிக்கொண்டேன்.

"லாசர் வாத்தியார் மகன்தானே? எப்ப வந்தீய?"

"மாசியில அண்ணாச்சி."

"அங்க குளிரு சாஸ்தியோ? இங்க மேலயும் அப்பிடித்தான்."

முகப்பை அவர் முன்னால் மாட்டி, அடுக்களையிலிருந்து இழுத்துவந்த கம்பியை அதில் இணைத்தேன். ஆண்டெனாவுக்கு அடியில் உலோகத் தகடு வேண்டும். வெறும் துணியில் நட்டால் குரலுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. அக்கா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கூரைத் துணிக்குள் பொருத்தித் துளையிடப் போனேன்.

"அவ பேரு வெட்டியிருக்கும். பாத்துத் தொளையிடுங்க," என்றார் அண்ணாச்சி.

பெயர் விளிம்பில்தான் இருந்தது. நடுவில் துளையிட்டு ஆண்டெனாவை முடுக்கினேன். பயணிக்கு அனுமதி தேவையில்லை என்பதால் அடுத்த சுற்றில் மாடியில் இறங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் விமானத்தை அதன் சொந்தக்காரர் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் கூப்பிட வேண்டும். மைக்கை அக்காவிடம் கொடுத்தேன்.

"பேரச் சொல்லி, இறங்கலாம்னு சொல்லுங்கக்கா."

"பேரா? முப்பத்தாறு வருசமா சொன்னதில்ல தம்பி. பேங்குல கேட்டாக்கூட எழுதித்தான் காட்டுவேன்."

சேலையைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க," என்றார். "இறங்கலாம்."

பெயர் சொல்லாத அனுமதி, தன்னைத்தான் கூப்பிட்டது என்று நினைக்கிற எல்லோருக்கும் செல்லும். உப்பளத்துக்கு அப்பால் மேகத்திலிருந்து ஐந்து விமானங்கள் வெளியே வந்தன. "இந்தா வாரேன்." "ஏளா, கொழம்பச் சுட வையி." ஐந்து பேரும் வரிசையாக இறங்கி, விமானங்களைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். அண்ணாச்சி எல்லோருக்கும் வழிவிட்டு மேலேயே சுற்றினார்.

"எனக்குன்னு யாரும் சொல்லலியே," என்றது பெட்டி.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அரிசி டிரம்மைப் பார்த்தேன்.

"ஞானமுத்து," என்றார் மெதுவாக. "இறங்கலாம்."

"சரியா விழல. இன்னொரு வாட்டி."

"ஞானமுத்து. இறங்கலாம்."

"மத்ததெல்லாம் கேக்கு. பேரு மட்டும் இரைச்சலா இருக்கு."

பெட்டியின் முள்ளைப் பார்த்தேன். குரல் முழு அளவில் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஏழு தடவை சொன்னார். ஏழாவது தடவை சிரித்துவிட்டார். "ஏ ஞானமுத்து, ஒழுங்கா இறங்குதியளா இல்லியா?"

"இப்பந்தான் கேட்டுச்சு," என்றார் அண்ணாச்சி.

அதற்குள் ஓடுபாதையில் ஐந்து விமானங்கள் நின்றன. ஆறாவதற்கு இடமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா படுப்பதற்காகக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். வாசலின் இரட்டைக் கதவு திறந்திருந்தது. அண்ணாச்சி தெருவை ஒரு முறை தாழ்வாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இறங்குவதென்று முடிவு செய்தார்.